பவுசருக்குள் பத்து நிமிடம்: டாங்கிப் படம் காட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் கடந்த மாதம் நான்கு பின்னேரங்கள் டாங்கிப் படங்கள் காட்டிய திரைப்பட வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அதையொட்டிக் குறும்படப் போட்டி நடத்திய நடுவர்கள் மூவருக்கும்,

உங்கள் வட்டத்தின் பெயரை இதில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மண்டபத்துக்கு வந்திருந்த சனத்துக்கும் தெரியும். அது போதும்.

நான் கோண்டாவிலில் கராஜ் வைத்திருப்பவன். தண்ணீர்ப் பம்பு, லான்ட் மாஸ்ரர், ரக்ரர் திருத்துவேன். வெல்டிங் வேலையும் செய்வேன். சினிமா படித்தவன் இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய் ஊற்றி ஓடிய ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்து அதன் சத்தத்தையும் மீறி எத்தனையோ சண்டைப் படம் பார்த்தவன். போர்ப்படம் பிடிக்காதவன் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். பிடித்தபடியால்தான் நான்கு நாளும் வந்தேன்.

மூன்றாம் நாளுக்கு ‘லெபனான்’ என்று நோட்டீசில் போட்டிருந்தீர்கள். 2009 இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் என்ற முதற்பரிசு வாங்கிய இஸ்ரேல் படம். எடுத்த சாமுவேல் மவோஸ் 1982 லெபனான் போரில் தானே டாங்கிக்குள் பீரங்கி சுடுபவராக இருந்தவர். அன்று அரை நாளில் வேலையை நிறுத்தி, கைக் கிறீசைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன். வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: படம் மாற்றப்பட்டுள்ளது. ஏன் என்று கேட்டேன். “அண்ணை, அது முழுக்க இருட்டு. ஹீரோவும் இல்லை. சனம் எழும்பிப் போயிடும்” என்றார் உங்களில் ஒருவர். பதிலுக்கு 2018 இல் வந்த ரஷ்யப் படம் ‘ரி-34’ ஓடியது. பீரங்கிக் குண்டு மெதுவாகச் சுழன்று சுழன்று வருகிறது, டாங்கியை உரசிக்கொண்டு போகிறது, மண்டபம் விசிலடிக்கிறது. சனம் எழும்பிப் போகவில்லை, அது சரி.

இஸ்ரேல் படம் என்பதால் நிறுத்தியிருந்தால் அதையே சொல்லியிருக்கலாம். காஸாவைத் தினமும் தொலைபேசியில் பார்க்கிற ஊரில் அந்தக் காரணத்தோடு நான் மல்லுக்கு நின்றிருக்க மாட்டேன். நீங்கள் சொன்ன காரணம் அது இல்லை. இருட்டு, ஹீரோ இல்லை, இவ்வளவுதான்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் அடுத்த கிழமை போட்டி முடிவு வந்தது.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி உங்கள் போட்டிக்கு ஒன்பது நிமிடப் படம் அனுப்பினாள். கதை இதுதான்: ஒரு டாங்கி பழுதாகி ஒரு ஊருக்குள் நிற்கிறது. உள்ளே நாலு பேர். வெளியே யாரோ தட்டுகிறார்கள். தட்டுவது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. டாங்கிக்கு அவள் எங்கே போவாள்? என் கராஜ் மூலையில் அடி துருப்பிடித்த பவுசர், தண்ணீர் ஏற்றுகிற இரும்புத் தாங்கி, ஒன்று கிடந்தது. அதன் மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு வட்டமாக வெட்டி மூடி வைத்துக் கொடுத்தேன். முன்னால் ஒரு சின்ன வெட்டு வெட்டி, பழைய பஸ் கண்ணாடித் துண்டை வைத்து ஒட்டினேன். பிள்ளைகள் நாலு பேரும் கமெராவுமாகச் சித்திரை வெயிலில் உள்ளே இறங்கினார்கள். வியர்வை ஆவியில் லென்ஸ் மங்கி மங்கிப் போக, அதைக்கூடத் துடைக்காமல் அப்படியே எடுத்திருக்கிறாள்.

உங்கள் நடுவர் குறிப்பு அவள் கையில் இருக்கிறது. நானும் வாசித்தேன். டாங்கியின் வெளித்தோற்றம் காட்டப்படவில்லை, எதிரி யார் என்று தெளிவில்லை, வீர உணர்வு போதாது, யதார்த்தம் இல்லை. மூன்று வரி. கடைசிச் சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

யதார்த்தம் இல்லை என்று எழுதிய நடுவரே, என் யதார்த்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

1987 ஒக்ரோபரில் எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீடு கொக்குவிலில், தண்டவாளத்துக்குக் கிட்ட. இந்தியப் படையின் ரி-72 டாங்கிகள் யாழ்ப்பாணத்துக்குள் வந்த நாள்கள் அவை. வீதியில் கண்ணிவெடி இருக்கும் என்று தண்டவாளப் பாதையாலும் வந்தார்கள். நாங்கள் அதைக் கண்ணால் காண முதல் கிணற்றில்தான் கண்டோம். அம்மம்மா வாளியை இறக்கப் போனவர், இறக்காமல் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில்லை, இலை விழவில்லை, தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது. “உது ரக்ரர் இல்லை, செயின்” என்றார். டாங்கிச் சில்லுகளைச் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டையைத்தான் சொன்னார். அதற்கு முன் அவர் டாங்கி பார்த்ததே இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்க வாய்க்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமா ஒழுங்கை முகப்பில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்க ஓடினார். டாங்கி வேலியைப் பிரித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. இதற்கு மேல் அதை நான் எழுதப் போவதில்லை. மாட்டுக் கயிறு வெட்டுப்படாமல் கிடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நல்லூர்க் கோயிலில் அகதியாக இருந்துவிட்டு இரண்டு கிழமையால் திரும்பி வந்தோம். சந்தியில் ஒரு டாங்கி நின்றது. அதே டாங்கியா வேறொன்றா, யாருக்குத் தெரியும். படையினர் இறங்கி நின்று, சம்மட்டியால் செயினின் பின்னை அடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் படலையடிக்கு வந்து பானி என்றான். இருபது வயது இருக்குமா, தெரியாது. மூக்கைச் சுற்றிப் புகைக் கரி. அம்மம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் மதிலில் வைத்தார். அவன் எடுத்துக் குடித்தபோது கை ஆடியது, பாதித் தண்ணீர் கழுத்தால் வழிந்தது. நான் அவனுக்குப் பின்னால், திறந்து கிடந்த எஞ்சின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது. மாமா செத்து இரண்டு கிழமை. அந்த ஆசையை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதல் தடவை சொல்கிறேன், ஏனென்றால் டாங்கிப் படம் பார்க்கும்போது எனக்குள் நடப்பது அதுதான். இரும்பு இழுக்கும். இழுபடுவதற்கு வெட்கமாகவும் இருக்கும்.

மாமாவைக் கண்டுவிட்டுத்தான் ஏற்றினார்கள் என்றே பதினைந்து வருடம் நம்பினேன். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. பம்புச் சாமான் வாங்க நானும் ஒரு நண்பனும் மோட்டார் சைக்கிளில் வன்னிக்குப் போனோம். ஆனையிறவு தாண்டி, மிதிவெடி நாடாவுக்கு இந்தப் பக்கம், வீதியோடு ஒட்டி ஒரு ரி-55 டாங்கி செத்துக் கிடந்தது. மூடி இல்லை. நான் சாரதி இருக்கைக்குள் இறங்கினேன். இருக்கையில் கம்பிச் சுருள் மட்டும் மிச்சம், குளவி கூடு கட்டியிருந்தது. கண்ணுக்கு நேரே கைப்பிடி அகலத்தில் ஒரு கண்ணாடிக் கட்டி, உடையாமல் இருந்தது. மூடி மூடியிருந்தால் சாரதிக்கு உலகம் என்பது அந்தக் கட்டிதான். நண்பனைத் தூரத்தில் நிற்க வைத்து நேரே நடந்து வரச் சொன்னேன். முதலில் பாதம் போனது. பிறகு முழங்கால், இடுப்பு. டாங்கியின் மூக்குக்குக் கிட்ட வந்தபோது நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிந்தான்.

மாடு அவிழ்க்கிற மாதிரிக் குனி என்றேன். குனிந்தான். ஆள் இல்லை.

யாரையும் மன்னிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. காணாமல் ஏற்றியிருக்கலாம் என்பது எனக்கு ஆறுதலா, இல்லை இன்னும் மோசமா என்று இத்தனை வருடமாகியும் முடிவு கட்ட முடியவில்லை. ஆனால் உங்கள் நான்கு படங்களில் ஒன்றிலும் டாங்கிக்குக் கண் தெரியாமல் போகவில்லை. எல்லா டாங்கியும் எல்லாவற்றையும் பார்க்கிறது. கழுகு மாதிரிச் சுற்றிப் பார்த்து, நல்லவனை விட்டுக் கெட்டவனைச் சுடுகிறது. பொய் என்று நான் சொல்வது இதைத்தான்.

முதல் நாள் பேசிய விரிவுரையாளர் யதார்த்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். 1965 இல் வந்த ‘பாட்டில் ஒஃப் த பல்ஜ்’ படத்தில் ஜெர்மன் டாங்கிகளாக வந்தவை உண்மையில் அமெரிக்க எம்-47 என்றார். சரிதான். ஸ்பெயினில் எடுத்த படம், அங்கே இருந்த டாங்கியை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அதற்கு நேரெதிராக ‘ஃபியூரி’ (2014) இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்து உண்மையான ஜெர்மன் ரைகர் டாங்கியையே கொண்டுவந்தது, 1943 இல் துனீசியாவில் பிடிபட்ட 131 ஆம் இலக்க டாங்கி, அதுவும் ஓடுகிற நிலையில், என்று புகழ்ந்தார். அதுவும் சரி. எஞ்சின்காரன் என்ற முறையில் அந்த ரைகர் அசைந்தபோது நானும் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

ஆனால் இரும்பு உண்மையாக இருந்து என்ன? ரைகரில் 88 மில்லிமீற்றர் பீரங்கி வைத்திருப்பவன் தூரத்தில் மறைவில் நின்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுப் போகலாம். படத்துக்காக மறைவை விட்டு வெளியே வந்து, கிட்ட வந்து, தன் பின்புறத்தைக் காட்டிச் சாகிறான். கடைசியில் செயின் அறுந்து அசையாமல் நிற்கிற ஒரு ஷேர்மனை, அமெரிக்க டாங்கியை, முந்நூறு ஜெர்மன் படையினர் சுற்றிச் சுற்றி வந்து, வரிசையில் நின்று சாகிறார்கள். டாங்கியை எரிக்கிற ஆயுதம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் பாவிக்க அவ்வளவு நேரம்.

அந்தப் படத்தை முழுசாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. தொடக்கத்தில் புதிதாக வந்த பெடியனிடம் வாளியைக் கொடுத்து, செத்தவனின் இருக்கையைக் கழுவச் சொல்கிறார்கள். அங்கே அவன் காண்கிறதை நீங்களும் பார்த்தீர்கள். அந்த இடத்தில் மட்டும் மண்டபத்தில் விசில் இல்லை. ஏன் என்று யோசித்தீர்களா?

வீரம் என்கிறீர்கள். ஷேர்மன் டாங்கி அடிபட்டால் தீப்பிடிக்கும் என்று பேர் வாங்கியது. பெற்றோலால் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரும்பாலும் எரித்தது உள்ளே அடுக்கியிருந்த குண்டுகள். பிறகு அந்தக் குண்டு அறைகளைக் கீழே இறக்கி, சுற்றிவரத் தண்ணீர்க் கலவை நிரப்பினார்கள். அடிபட்டவற்றில் 60 முதல் 80 வீதம் எரிந்தது 10 முதல் 15 வீதத்துக்கு இறங்கியதென்று அமெரிக்கப் படையே கணக்குப் பார்த்தது. எத்தனை பெடியளை அந்தத் தண்ணீர் காப்பாற்றியிருக்கும்? அந்த மாற்றத்தைச் செய்த பட்டறைக்காரனைப் பற்றி நான் இன்னும் ஒரு படமும் பார்க்கவில்லை. சோவியத் டாங்கி ரி-34 இன் முதல் வகையில் கட்டளை அதிகாரிதான் பீரங்கியும் சுட வேண்டும். குறி பார்ப்பானா, வெளியைப் பார்ப்பானா? பெரும்பாலானவற்றில் வானொலியும் இல்லை, கொடி காட்டிக் கதைத்தார்கள். ரி-55 இல் குண்டு ஏற்றுகிறவன் நிமிர இடமில்லாத கூட்டுக்குள் நின்று, ஓடுகிற ஓட்டத்தில், முப்பது கிலோ அளவான குண்டைத் தூக்கித் திணிக்க வேண்டும். விரலோ கையோ இடையில் அகப்பட்டால் போச்சு. எனக்கு வீரம் என்றால் அவன் அடுத்த குண்டையும் தூக்குவதுதான். ஆனால் அதைக் காட்டினால் இருட்டு என்பீர்கள்.

இந்திப் படம் ‘போர்டர்’ (1997) பார்க்காத ஆள் இங்கே குறைவு. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் இந்தியப் படையினர் நூற்றிருபது பேர் அளவில் பாகிஸ்தான் டாங்கிகளுக்கு முன்னால் விடியும்வரை நின்றது உண்மை. பெரிய துணிவுதான். விடிந்த பிறகு ஜெய்சல்மேரில் இருந்து வந்த ஹன்டர் விமானங்கள்தான் அந்த டாங்கிகளை உடைத்தன. இந்தியப் பக்கம் இறந்தவர்கள் இரண்டு பேர். அவ்வளவு குறைவாகச் செத்து நிலத்தைக் காத்ததல்லவா பெருமை? படத்துக்கு அந்தச் சாவு போதவில்லை, கூட்டிக்கொண்டது.

‘லெபனான்’ குறையில்லாத படம் என்று நான் சொல்லவில்லை. அதை முன்பே பார்த்திருக்கிறேன். முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் தவிர கமெரா டாங்கியை விட்டு வெளியே வராது. வெளியே இருக்கிற லெபனான் சனத்தை நாம் காண்பது குறி பார்க்கிற வட்டத்துக்குள், சிலுவைக் கோட்டுக்கு நடுவில் மட்டும். அது எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் நான் அந்த வட்டத்துக்குள் இருந்தவன். ஆனால் சுடுகிறவன் முதல் தடவை பயத்தில் சுடாமல் விடுகிறான், அவனுடைய ஆள் ஒருவன் சாகிறான். அடுத்த தடவை சுடுகிறான், வந்தது கோழி ஏற்றிய வாகனம், ஓட்டி வந்தது ஒரு கிழவர். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த படத்தை, மாடு அவிழ்க்கப் போனவர்கள் செத்த ஊரில், ஹீரோ இல்லை என்று நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஆனையிறவில் ஏ-9 ஓரம் கவசத் தகடு அடித்த புல்டோசர் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. நீங்கள் எல்லோரும் கடந்து போயிருப்பீர்கள். 1991 ஜூலை 14 இல் படை முகாமை நோக்கிப் புலிகள் ஓட்டி வந்தது. சிங்க றெஜிமென்டின் கோப்ரல் காமினி குலரத்ன கைக்குண்டுகளோடு அதில் ஏறி, அதை நிறுத்தி, தானும் இறந்தார். இலங்கையின் மிக உயர்ந்த வீர விருதை முதலில் பெற்றவர் அவர். ஒரு இரும்பின் மேல் தனியாக ஏறுவதற்கு என்ன நெஞ்சு வேண்டும் என்பது தெரியும், அதை நான் குறைக்கப் போவதில்லை. தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து அதன் முன்னால் படம் பிடிக்கிறார்கள். அந்தத் தகட்டில் வெல்டிங் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க நான் ஒரு தடவை நின்றேன். இரவிரவாக அவசரத்தில் வைத்த ஒட்டு மாதிரித்தான் எனக்குப் பட்டது. நின்ற அரை மணி நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்த ஒருவரைக் காணவில்லை. உள்ளே இருந்ததும் எங்கேயோ ஒரு ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளைதானே. எங்கள் பக்கத்து ஹீரோவை அதன் மேல் ஏற்றிப் படம் எடுத்தால் கணக்குச் சரி என்று நினைக்கிற தம்பிமார் உங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள் என்று தெரியும். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பிள்ளை எடுத்தது அந்த உள்பக்கத்தை. அதைத்தான் யதார்த்தம் இல்லை என்றீர்கள்.

நான் கேட்பவை இவை. ‘லெபனானை’ உங்கள் அடுத்த திரையிடலில் திகதி போட்டு அறிவியுங்கள். இஸ்ரேல் படம் வேண்டாம் என்றால் காரணத்தை வெளிப்படையாக எழுதிவிட்டு, ஆப்கானிஸ்தானில் வழிதவறிய சோவியத் டாங்கியைப் பற்றிய 1988 ஆம் ஆண்டுப் படம் ‘த பீஸ்ட்’ ஐப் போடுங்கள். அதில் டாங்கியின் கீழே கிடக்கிற ஊரும் தெரியும். படம் முடிந்ததும் விரிவுரையாளரோடு, 87 ஐயும் 95 இடப்பெயர்வையும் கண்ட மூத்தவர்கள் இரண்டு பேரையும் மேடையில் இருத்துங்கள்.

குறும்படப் போட்டி விதிகளில் இருக்கிற வீர உணர்வு என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையின் படத்தை மறுபடி பார்த்து, பரிசு கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், காரணத்தை மட்டும் மூன்று வரிக்குப் பதிலாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவள் இறுதியாண்டு. இனிமேல் கமெரா தொடுவாளா என்று தெரியவில்லை.

ஒலிபெருக்கியைக் குறையுங்கள். இரண்டாம் நாள் செயின் சத்தம் வந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனதை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான்தான் பின்னால் போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். இந்த ஊரில் அப்படி ஒரு சத்தம் வரப்போகிறதென்றால், படத்துக்கு முதல் ஒருவர் எழும்பி நின்று சொல்ல வேண்டும். ஒரு நிமிட வேலை.

கடைசியாக நடுவர்கள் மூவருக்கும். பவுசரை நான் இன்னும் பழைய இரும்புக்கு உடைக்கவில்லை, பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் கராஜ் திறந்திருக்கும். ஒரு மத்தியானம் வாருங்கள். மூவரும் உள்ளே இறங்குங்கள், மூடியை நான் மூடுகிறேன். பத்து நிமிடம். நான் சம்மட்டியோடு வெளியே நின்று தட்டுவேன், முன் வெட்டுக்குக் கீழே குனிந்தும் நிற்பேன். வெளியே வந்த பிறகு, நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து ஒரு கராஜ்காரன்